கிராஞ்சியில் குடியிருப்போர்

சிங்கப்பூரில் ஒரு துண்டு நிலம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அதிசயம். நான் படித்த பள்ளி இப்போது கார் நிறுத்துமிடம். நான் பிறந்த கம்பம் என்ற கிராமக் குடியிருப்பு தொழிற்பேட்டை ஆகிவிட்டது. அப்பா கொடியாட்டிய ரயில் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் நாய்க்குட்டிகளோடு நடைபழகுகிறார்கள். உட்லண்ட்ஸ் சாலையோரத்துக் கிராஞ்சிக் குன்று மட்டும் என் சின்ன வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதே புல்வெளி, அதே வெள்ளைக் கற்கள். அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள், அதனால்தான் யாரும் கை வைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இடம்பெயர்க்கப்படுவதிலிருந்து தப்பிக்க இந்த ஊரில் இறந்துபோவது மட்டும் போதாது. எதற்காக இறந்தோம், என்ன பதவியில் இறந்தோம் என்பதையும் பார்ப்பார்கள்.

அப்பா மலாயன் ரயில்வேயில் கேட் காவலர். ஜோகூரிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் போகும் ரயில் உட்லண்ட்ஸ் சாலையை ஒட்டியே ஓடும். பாதையோரத்தில் எங்களுக்கு ரயில்வே கொடுத்த ஓட்டு வீடு. அங்கிருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கல்லறைக்குப் போய்விடலாம். போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அந்தப் பக்கம் விரலைக்கூட நீட்டக் கூடாது. மறந்துபோய் நீட்டிவிட்டால் அந்த விரலைக் கடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பரிகாரத்தை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய் அத்தை. பேய் விஷயத்தில் எங்கள் கம்பத்தில் இன ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

நாங்கள் போகத்தான் செய்தோம். சண்டைச் சிலந்தி பிடிப்பதற்கு அந்தக் குன்றின் ஓரத்துப் புதர்களைப் போல ஓர் இடம் வட்டாரத்தில் கிடையாது. அங்கே வேலை பார்த்த தோட்டக்காரத் தாத்தா ஒருவர், நம்மவர்தான், எங்களைக் கண்டதும் புல்வெட்டியை நிறுத்திவிட்டு வாயில் விரல் வைத்துக் காட்டுவார். "துரைமாருங்க தூங்குறாங்கடா. சத்தம் போடாதீங்க." துரைமார் விழித்துக்கொண்டால் தமக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்று அவர் மெய்யாகவே நம்பினாரோ என்னவோ. அவர் குரலில் அப்படி ஒரு பதற்றம். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் மூட்டை கட்டின. கடற்படைத் தளத்தை நம்பிப் பிழைத்த செம்பவாங் தமிழர்களும் மலையாளிகளும் அடுத்த சம்பளத்துக்கு என்ன செய்வது என்று திகைத்து நின்றார்கள். தாத்தாவின் வேலைக்கு மட்டும் ஆபத்து வரவில்லை. உயிரோடிருந்த துரைமார் போய்விட்டார்கள். அவருடைய துரைமாருக்குப் போகும் உத்தேசம் இல்லை.

குன்றின் உச்சியில் இருக்கும் நினைவகத்தை எங்கள் பிள்ளைக் கூட்டம் 'பிளேன் வீடு' என்று அழைத்தது. தப்பில்லை. அதை வடிவமைத்த கொலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் மனத்தில் வைத்திருந்ததும் அதுதான். பரந்த கூரை விமானத்தின் இறக்கை. அதைத் தாங்கும் தூண் வரிசை அணிவகுத்து நிற்கும் தரைப்படை. நடுவில் எழும்பி நிற்பது நீர்மூழ்கிக் கப்பலின் மேற்கோபுரம். முப்படையையும் ஒரே கட்டடத்தில் அடக்கிவிட்டார். 1957 மார்ச் 2 அன்று ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் அதைத் திறந்துவைத்தார். தாங்கள் தோற்ற போருக்கு இத்தனை கம்பீரமாக ஒரு நினைவகம் எழுப்ப வெள்ளைக்காரனால்தான் முடியும் என்பார் அப்பா. பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

தோற்றது அந்த வாசலிலேயேதான். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் ஜோகூர் நீரிணையைக் கடந்தார்கள். அடுத்த இரவு கிராஞ்சி ஆற்று முகத்தில் இன்னொரு படை இறங்கியது. காவலுக்கு இருந்தது ஆஸ்திரேலியப் படை. பிப்ரவரி 15-இல் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு கிராஞ்சியில் போர்க் கைதிகளின் முகாம் வந்தது. முகாம் இருந்தால் பக்கத்திலேயே புதைகுழியும் வந்துவிடும். கைதிகள் தங்கள் தோழர்களுக்காகத் தோண்டிய சின்ன இடுகாடுதான் பிற்பாடு இந்தப் பெரிய கல்லறையாக வளர்ந்தது.

வளர்ந்த விதத்தைக் கேளுங்கள். 1946-இல் சாங்கியில் புதைத்திருந்தவர்களைத் தோண்டி இங்கே கொண்டுவந்தார்கள். புவன விஸ்தாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பிறகு சைகோனிலிருந்தும் வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து பிடாடரியில் படுத்திருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று அங்கே 4,400-க்கும் மேற்பட்ட போர்க் கல்லறைகள். அவற்றில் 850-க்கும் அதிகமானவை பெயர் தெரியாதவர்களுடையவை. அடையாளமே கிடைக்காமல் போனவர்கள் 24,000 பேருக்கு மேல். அவர்களுடைய பெயர்களைத்தான் பிளேன் வீட்டின் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆக, அங்கே சொந்த இடத்தில் படுத்திருப்பவர்கள் சொற்பம். பெரும்பாலோர் குடிபெயர்ந்து வந்தவர்கள். எனக்கு அது புரிந்தது 1975-இல். உலு பாண்டானிலும் பாசிர் பாஞ்சாங்கிலும் இருந்த பிரிட்டிஷ் ராணுவக் கல்லறைகளைக் காலி செய்து, அங்கிருந்தவர்களைப் போர்க் கல்லறைக்குப் பக்கத்தில் ஒதுக்கிய புதிய பகுதிக்கு மாற்றினார்கள். போரில் சாகாமல், அமைதிக் காலத்தில் காய்ச்சலிலும் விபத்திலும் இறந்த சிப்பாய்கள், அவர்களுடைய மனைவிமார், கைக்குழந்தைகள் என்று 1,400 பேருக்கு மேல். அதே காலத்தில் எங்கள் கம்பத்துக்கும் அளவெடுக்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். கோழிக் கூட்டை எண்ணினார்கள், தென்னை மரத்தை எண்ணினார்கள், இழப்பீடு இவ்வளவு என்று குறித்துக்கொண்டார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக்கு நாங்கள் போக வேண்டும். அம்மா அழுதாள். "செத்தவங்களையே எழுப்பி வேற எடத்துக்குக் கொண்டு போறாங்க. நாம எம்மாத்திரம்?" என்றார் அப்பா. ஆறுதலுக்குச் சொன்னார். அம்மாவின் அழுகை கூடியதுதான் மிச்சம்.

அதிபர்கள் வந்த கதைக்கு வருகிறேன்.

1970 நவம்பர் 23 அன்று முதல் அதிபர் யூசோஃப் இஷாக் காலமானார். செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் அறிந்த மரியாதை அது. அதிபரைக் கிராஞ்சியில் அடக்கம் செய்தார்கள். அரசு நினைவிடம் என்று போர்க் கல்லறைக்கு அருகே ஓர் இடம் உருவாயிற்று. குடியரசுக்கு அப்போது ஐந்து வயது. புது நாடு என்றால் கொடி வேண்டும், தேசிய கீதம் வேண்டும், நாணயம் வேண்டும், பெரியவர்களைப் புதைக்க மரியாதைக்குரிய ஓர் இடமும் வேண்டும். வாஷிங்டன்காரர்களுக்கு ஆர்லிங்டன் இருக்கிறது. நமக்குக் கிராஞ்சி. அப்படித்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

1981 மே 12 அன்று இரண்டாம் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் காலமானார். மகப்பேற்று மருத்துவர். தேக்காவில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் எத்தனையோ பிரசவங்களைப் பார்த்த கை. இந்த ஊரில் பாதிப் பேர் உலகத்துக்கு வந்த வாசல் அந்த மருத்துவமனை. அவரையும் கிராஞ்சியில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு நான் தேசிய சேவையில் இருந்தேன். எங்கள் சார்ஜென்ட் சப்பாத்தைப் பளபளக்கத் தேய்க்கச் சொல்லிவிட்டு, "ஒழுங்கா இருந்தீங்கன்னா உங்களையும் ஒருநாள் கிராஞ்சியில வைப்பாங்க" என்றார். ஊக்கமா மிரட்டலா என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

அத்தோடு சரி. இடம் தயார், புல்வெளி தயார். அதற்குப் பின் அதிபர்கள் யாரும் அங்கே வரவில்லை.

ஓங் டெங் சியோங் 2002-இல் காலமானபோது, சாதாரண மக்களின் அஸ்தியோடு தன் அஸ்தியும் மண்டாய் தகனச்சாலை மாடத்தில் இருக்கட்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. வீ கிம் வீ 2005-இல் அதையே கேட்டார். கிராஞ்சி வேண்டாம், மண்டாய் போதும். அதே ஆண்டின் கடைசியில் தேவன் நாயர் கனடாவில் மறைந்தார். அங்கேயே தகனமும் நடந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை எழுதிய முன்னாள் அமைச்சர் எஸ் ராஜரத்தினம் 2006-இல் போனார். அவரும் நெருப்புக்குத்தான். எஸ் ஆர் நாதனின் இறுதிச் சடங்கில் 2016-இல் ஒலித்தது ஒரு தமிழ்ப் பாட்டு. பல ஊர் மண்ணைக் குழைத்து ஒரு பொம்மை செய்வதைப் பாடும், 'பொற்காலம்' படத்துப் பாட்டு. அவருக்குப் பிடித்த பாட்டு என்றார்கள். மண்ணைப் பற்றிப் பாடி முடித்துவிட்டு அவரையும் மண்டாய்க்குத்தான் கொண்டுபோனார்கள். 2015 மார்ச்சில் கொட்டுகிற மழையில் பீரங்கி வண்டியில் போன முதல் பிரதமர் லீ குவான் இயூவுக்கும் அதே மண்டாய். தன் சாம்பலை மனைவியின் சாம்பலோடு கலந்துவிடச் சொல்லியிருந்தார். தான் வாழ்ந்த வீட்டை இடித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். சாம்பல் விஷயம் சிக்கலில்லாமல் முடிந்தது. வீட்டு விஷயத்தைத்தான் பிள்ளைகளும் அரசாங்கமும் ஆண்டுக் கணக்கில் பேசினார்கள்.

நாங்கள் கம்பத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் போனோம். தலைவர்கள் கல்லறையைவிட்டு மண்டாய் மாடத்துக்குப் போனார்கள். மாடம் என்றால் சுவரில் அடுக்கடுக்காக வைத்த சதுரப் பொந்துகள். அங்கேயும் மாடி எண், வரிசை எண் எல்லாம் உண்டு. மக்களிடம் செய்யச் சொல்வதைத் தாங்களும் செய்துகாட்டுவது இந்த ஊர்த் தலைவர்களின் வழக்கம் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் அரசு ஊழியர். நான் மறுத்துப் பேசவில்லை.

மக்களிடம் சொல்லவும்தான் செய்தார்கள். 1998-இல் புதிய விதி வந்தது. சிங்கப்பூரில் புதைப்பதற்கு இன்னும் திறந்திருக்கும் ஒரே இடம் சுவா சூ காங். அங்கே ஒருவர் படுத்திருக்கலாம், 15 ஆண்டுகள். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தகனம் செய்வதில் தடையில்லாத சமயத்தவர் என்றால் எலும்புகளை எரித்துச் சாம்பலாக்கித் தருவார்கள். முஸ்லிம்கள் என்றால் சிறிய குழியில் மறுபடி அடக்கம். உயிரோடிருப்பவனுக்கு வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. செத்தவனுக்கு 15. அரசாங்கம் உயிருள்ளவர்கள் பக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் தாத்தாவை 1979-இல் சுவா சூ காங்கின் இந்துப் பகுதியில் புதைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். தவணை முடிந்து கடிதம் வந்தது. நாள், நேரம், கல்லறை எண் எல்லாம் சுத்தமாக அச்சடித்திருந்தது. விடிவதற்கு முன்பே போய்விட்டோம். மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கருப்புக் குடை, கற்பூரம், பால் எல்லாம் எடுத்துப்போயிருந்தோம். தோண்டுகிறவர்கள் தயாராக நின்றபோது, இனி அழுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்த அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து மண்ணைத் தட்டினாள். "மாமா, எந்திரிங்க. வீடு மாத்துறாங்க. பயப்படாதீங்க, நாங்க எல்லாரும் கூடத்தான் இருக்கோம்" என்றாள். கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்குப் போக மறுத்து அடம்பிடித்த மாமனாரை அன்றைக்கு எப்படித் தாஜா செய்தாளோ அதே குரல். தாத்தா இந்த முறை மறுக்கவில்லை. சாம்பலைக் கடலில் கரைத்தோம்.

2017-இல் இன்னோர் அறிவிப்பு. தெங்கா விமானப்படைத் தளத்தை விரிவாக்க வேண்டும், அதற்காகச் சுவா சூ காங்கில் 80,500 கல்லறைகள் தோண்டப்படும் என்று. சீனர்களுடையவை 45,500, முஸ்லிம்களுடையவை 35,000. கிராஞ்சியில் இறந்தவர்களுக்கு மேலே கல்லில் ஓர் இறக்கையைக் கூரையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். சில மைல் தள்ளி, நிஜ இறக்கைகள் இறங்குவதற்காக இறந்தவர்கள் எழுந்து வழிவிட வேண்டும். ராணுவத்தில் செத்தால் விமானம் குடை பிடிக்கும். வீட்டில் செத்தால் விமானத்துக்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். தேவையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். சின்னத் தீவு, என்ன செய்வார்கள்? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கணக்கு சரியாக இருப்பதுதான் இங்கே எப்போதும் உள்ள தொல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் சித்தப்பா பிள்ளை. முதல் முறையாக விமானம் ஏறியவர். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் சம்பாதித்திருப்பார். லீ குவான் இயூ மறைந்தபோது அங்கே பதாகை வைத்து, மௌன அஞ்சலி செய்தார்கள். பத்திரிகைகளில் படமே வந்தது. வந்த மறுநாள் காலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தயாராக நின்றார் சித்தப்பா.

"தம்பி, தலைவர் சமாதி எங்கப்பா இருக்கு? மொதல்ல ஒரு மாலையப் போட்டுட்டு வந்துடுவோம். அப்புறமா மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

"சமாதின்னு ஒண்ணும் இல்ல சித்தப்பா. எரிச்சுட்டாங்க."

"எரிச்சா என்ன? சாம்பலை வெச்சு ஒரு மண்டபம் கட்டியிருப்பாங்கள்ல. ஒரு அணையா வெளக்கு இருக்கும்ல."

"அதுவும் இல்ல."

சித்தப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நாலு முதலமைச்சர்கள் கடற்கரையில் துயிலும் மாநிலத்திலிருந்து வந்தவர். ஊரைக் கட்டியெழுப்பிய மனிதருக்கு ஊரில் ஒரு சாணிடம் இல்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நன்றி கெட்டவர்கள் நாங்கள் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். தேக்காவில் மாலை வாங்கியாகிவிட்டது. மாலையை வீணாக்க அவருக்கு மனமில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. 170-ஆம் எண் பேருந்தில் ஏற்றிக் கிராஞ்சிக்கு அழைத்துப்போனேன்.

முதலில் யூசோஃப் இஷாக். "இவரு யாரு?" என்றார். பணப்பையிலிருந்து ஒரு பத்து வெள்ளித் தாளை எடுத்துக் காட்டச் சொன்னேன். 1999 முதல் எங்கள் தாள்களில் இருப்பது அவர் முகம்தான். சித்தப்பா தாளையும் கல்லறையையும் மாறி மாறிப் பார்த்தார். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் கையில் எடுத்து எண்ணுகிற முகம். அதற்குரியவர் எங்கே இருக்கிறார் என்று தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம். ஷியர்ஸுக்கும் அதே கதைதான். அவர் பெயரில் ஒரு பெரிய பாலம் இருக்கிறது. அதன்மேல் நெரிசலில் மாட்டிக்கொள்கிறபோதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம். அந்த அளவுக்காவது நினைவிருக்கிறது.

சித்தப்பா மாலையைப் போடவில்லை. இன்னும் பார்ப்போம் என்றார்.

வெள்ளைக் கற்களின் நடுவே நடந்தோம். எல்லாம் ஒரே அளவு. தளபதிக்கும் சமையல்காரனுக்கும் கல்லில் வேறுபாடு காட்டக் கூடாது என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியபோதே வகுத்துக்கொண்ட கொள்கை. உயிரோடிருந்த காலத்தில் ஒரே மேசையில் உட்கார விடாதவர்கள், செத்த பிறகு ஒரே வரிசையில் படுக்க வைத்தார்கள். கல்லில் இருந்த வயதுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார் சித்தப்பா. 19, 22, 24. "நம்ம பசங்க இங்க லாரி ஏறி வேலைக்கு வர்ற வயசு" என்றார்.

உச்சிக்குப் போனதும் தூண்களில் இந்தியப் படைகளைக் காட்டினேன். பஞ்சாப், டோக்ரா, கார்வால், கூர்க்கா என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அந்த 24,000-இல் பெரும்பங்கு இந்திய ராணுவத்தினர். நினைவகத்துக்குப் பின்புறம் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்கள் சமய முறைப்படி எரிக்கப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கானது. அவர்களிலும் பெரும்பாலோர் இந்தியப் படையினர். மண்டாய்க்கு முன்னோடிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வரும். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டே போனார். கல்லறையில் விரல் நீட்டக் கூடாது என்ற அம்மாவின் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. கடைசியில் கேட்டார்:

"தம்பி, நம்ம பெரியய்யா பேரு இதுல இருக்குமா?"

பெரியய்யா என்பது எங்கள் தாத்தாவின் அண்ணன். மன்னார்குடியிலிருந்து கங்காணியோடு கப்பலேறி ஜோகூரில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி என்று சொல்லி ரயிலேற்றினார்களாம். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கதைக்கு இரண்டாவது வரி கிடையாது. அப்பா ரயில்வேக்காரர் என்பதால் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வார். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டுபோய்த்தான் சயாம் பாதையில் போட்டார்கள் என்பார். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து. போருக்குப் பிறகு அந்தத் தடத்தைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். பெரியய்யாவைத்தான் யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை.

"இருக்காது சித்தப்பா. அவரு பட்டாளத்துல இல்லல்ல."

"பட்டாளத்துக்காரன் செத்தாலும் சாவு, கூலிக்காரன் செத்தாலும் சாவுதானேப்பா?"

அந்தச் சயாம் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் மாண்டார்கள். அவர்களில் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெட்டி ஒழுங்குபடுத்திய புல்வெளியும் பெயர் பொறித்த பலகைகளும் இருக்கின்றன. முடிந்தவரை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்துக் கல்லறைகளில் சேர்த்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். எத்தனை பத்தாயிரம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பலர் தோட்டத் தமிழர்கள். அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் குழியில் போட்டார்கள். காட்டில் விட்டார்கள், ஆற்றில் விட்டார்கள். பதிவேடு என்று ஒன்று இருந்தால்தானே கல் செதுக்க முடியும்? சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோவில் வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் முயற்சி. நல்ல காரியம். ஆனால் பொதுவாக எல்லாருக்கும் ஒரே கல்.

சித்தப்பா விடவில்லை. "சரி, நேதாஜி படையில போனவங்க?" அவர்கள் கதை இன்னும் சுருக்கம். இந்திய தேசிய ராணுவத்தின் உயிர்த்தியாகிகளுக்காக எஸ்பிளனேடில் நினைவுச் சின்னம் ஒன்றுக்கு நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. வந்ததும் வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று 1995-இல்தான் வந்தது. கிராஞ்சி நினைவகத்தில் 'பல இனத்தவர்' என்று பெருமையோடு சொல்லும் பிரிட்டிஷ் அரசாங்கம், அதே இனங்களைச் சேர்ந்தவர்கள் எதிர்ப்பக்கம் நின்றதை இரண்டு மாதம்கூடப் பொறுத்துக்கொள்ளவில்லை. மாலை வாங்குவதற்கு முன் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்றார் சித்தப்பா. அவர் இப்படிச் சுருக்கென்று பேசுவார்.

மாலையைத் தூண்களில் போட முடியாது. எந்தப் பெயருக்குப் போடுவது என்பதும் தெரியவில்லை. கடைசியில் அந்த எரித்தவர்களின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வைத்தார். "இங்கயாவது நம்ம மாதிரி எரிச்சவங்க இருக்காங்க" என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

இன்றைய நிலவரம் இது. 1996-இல் கிராஞ்சிக்கு எம்ஆர்டி ரயில் வந்தது. 1999-இல் குதிரைப் பந்தயத் திடல் புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது கல்லறையைக் கடந்துபோன கூட்டமெல்லாம் கையில் பந்தயத் தாளோடு போன கூட்டம். 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடியது. அந்த 120 ஹெக்டேர் நிலத்தையும் வீடு கட்டுவதற்காக அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. குதிரைகளுக்குக் கிடைத்தது 25 ஆண்டு. சுவா சூ காங்கைவிடப் பத்து ஆண்டு கூடுதல்தான்.

எங்களை அதட்டிய தோட்டக்காரத் தாத்தாவின் இடத்தில் இப்போது வேறு யாரோ புல்வெட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தேசியக் கல்வி, கற்றல் பயணம், கையில் கேள்வித் தாள். 'நினைவகத்தின் கூரை எதைக் குறிக்கிறது?' நாங்கள் கேள்வித் தாள் இல்லாமலே பிளேன் என்று சொன்னோம், அதற்காக அடியும் வாங்கினோம். ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் வந்து அன்சாக் நாள் அஞ்சலி செலுத்துகிறார்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூதர்களெல்லாம் வந்து மலர் வளையம் வைக்கிறார்கள். தங்கள் ஆட்களின் பெயர் எந்தத் தூணில், எந்த வரிசையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பேரப் பிள்ளைகள் அச்செடுத்த தாளோடு வந்து நேராக அந்த இடத்துக்குப் போய் நிற்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

சித்தப்பா ஊருக்குப் போனதும் தொலைபேசியில் பேசினார். பெரியய்யாவின் பெயர் அம்மாசி என்பது வரை தெரிந்துகொண்டார். எந்தத் தோட்டம், எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், கூடப் போனவர்கள் யார் என்பதெல்லாம் தெரிந்த கடைசி ஆள் நான்கு மாதம் முன்பு இறந்துவிட்டாராம்.

ஜோகூர், பேராக், சிலாங்கூர், கெடா தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய யாராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை வெட்டி வைக்கத் தூண் இப்போதைக்கு இல்லை. இல்லாவிட்டாலும் எழுதி வையுங்கள்.